தானே விதைக்கும் மரத்துக்கு நாற்றங்கால் எதற்கு?

பிச்சாவரத்து ஓடைகளில் படகில் போகிறவர்கள் சுரபுன்னை மரங்களில் பச்சைக் குச்சிகள் தொங்குவதைப் பார்த்திருப்பார்கள். சில ஒரு சாண் நீளம், சில ஒரு முழத்தை எட்டும். அவை காய்கள். முற்றியதும் கீழே விழும், சேற்றில் குத்தி நிற்கும் அல்லது தண்ணீரில் மிதந்து வேறு கரை சேரும், அங்கே வேர்விட்டு மரமாகும். உழவில்லை, விதைப்பில்லை, தண்ணீர் பாய்ச்சும் வேலையுமில்லை. அதே தமிழகக் கடலோரத்தில் வேறு ஒரு காட்சியும் உண்டு. நிழல்வலைப் பந்தலின் கீழ் ஆயிரக்கணக்கான கறுப்புப் பாலித்தீன் பைகளில் அதே அலையாத்திக் காட்டின் நாற்றுகளை வரிசையாக அடுக்கிக் குழந்தைபோல் வளர்க்கிறார்கள். தானே விதைத்துக்கொள்ளத் தெரிந்த மரத்துக்கு மனிதன் ஏன் நாற்றங்கால் போட வேண்டும்? நாற்றங்காலில் வளர்த்து நட்டவற்றிலும் பெரும்பகுதி பட்டுப்போகும் செய்தி ஏன் உலகெங்கிலுமிருந்து வருகிறது?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அலையாத்தி நாற்றின் வாழ்க்கையில் மிகக் குறுகிய, மிக ஆபத்தான ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடத்தான் நாற்றங்கால் உதவும். கரையிலுள்ள மற்றக் கோளாறுகளை அது சரிசெய்யாது. இந்த எல்லையை மறந்து, நாற்று எண்ணிக்கையையே காட்டின் பரப்பாகக் கணக்கிடும் இடத்தில்தான் பணமும் உழைப்பும் சேற்றில் போகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

மரத்திலேயே முளைக்கும் காய்

நெல், புளி, வேம்பு ஆகியவற்றின் விதைகள் காய்ந்து உறங்கும். ஈரம் கிடைக்கும்வரை காத்திருக்கும். சுரபுன்னையின் விதைக்கு அந்த உறக்கமே இல்லை. தாய்மரத்தில் இருக்கும்போதே கரு முளைவிட்டு, காயின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு நீண்ட தண்டாக வெளியே வந்துவிடுகிறது. கீழே விழுவது விதையல்ல, பாதி வளர்ந்த நாற்று. இதை இந்த நூலில் முளைக்காய் என்று அழைப்போம். இன்னோர் அலையாத்தி மரமான வெண்கண்டலிலும் இதுவே நடக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. அதன் கரு விதையுறையைக் கிழித்து வளர்ந்திருந்தாலும் காயின் மெல்லிய மேல்தோலுக்குள்ளேயே மடங்கி ஒளிந்திருக்கும். விழுந்து தண்ணீரில் ஊறிய பிறகுதான் தோல் உரிந்து வெளிப்படும்.

உப்புச் சேற்றில் விதை முளைப்பது கடினம். முளைப்பு வேலையைத் தாயின் பாதுகாப்பிலேயே முடித்துவிடுவது மரத்துக்கு லாபம். அந்த லாபத்துக்கு ஒரு விலையும் உண்டு. உறங்கத் தெரியாத விதையைச் சேமித்து வைக்க முடியாது. உலரவைத்தால் செத்துப்போகும். நெல்லைக் குதிரில் கொட்டி அடுத்த பட்டத்துக்கு எடுப்பதுபோல் வெண்கண்டல் காயை எடுத்துவைக்க வழியில்லை. ஈரச் சாக்கில், நிழலில் வைத்தாலும் சில நாட்களுக்குள் மண்ணில் இறக்கியாக வேண்டும். காய்ப்போ ஆண்டில் ஒரு பருவம், நம் கரையில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று. ஆக, அலையாத்தியின் விதைக் கிடங்கு உயிருள்ள நாற்றாகத்தான் இருக்க முடியும். நாற்றங்காலுக்கான முதல் நியாயம் இது.

உப்பு இவற்றுக்குப் பிடிக்குமா?

கடற்கரை மரம் என்றால் உப்பைக் குடித்து வளரும் என்று எண்ணுவது இயல்பு. சோதனைகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. வெண்கண்டல் நாற்றுகளைப் பல அளவு உப்புள்ள நீரில் வளர்த்துப் பார்த்தால், முழுக் கடல்நீரில் இருப்பவற்றைவிட அதன் பாதியோ அதற்கும் குறைவோ உப்புள்ள நீரில் இருப்பவையே நன்றாக வளர்கின்றன. உப்பே இல்லாத நீரிலும் அவை அவ்வளவு செழிப்பதில்லை. கொஞ்சம் உப்பு வேண்டும், நிறைய உப்பைத் தாங்கும் என்பதே உண்மை நிலை. தாங்குவதற்கும் செலவு உண்டு. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்துகிறது. வெண்கண்டலும் வடிகட்டுகிறது, மீறி வந்ததை இலையின் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய பிறகு அதன் இலையைத் தடவினால் விரலில் ஒட்டும் நறநறப்பு அந்த உப்புத்தான். வளர்ந்த மரம் இந்தச் செலவைத் தாங்கிக்கொள்ளும். நான்கு இலை நாற்றுக்குக் கையிருப்பாக இருப்பது விதையிலைகளில் தாய் கொடுத்தனுப்பிய உணவு மட்டுமே.

அதனால்தான் முகத்துவாரமும் மழைக்காலமும் இவற்றுக்கு அவ்வளவு முக்கியம். வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் மழைநீர் சேற்றின் உப்பைத் தணிக்கும் மாதங்களிலேயே வெண்கண்டல் காய் விழுகிறது. கையால் நடுகிறவரும் இந்த நாட்காட்டியைத்தான் பின்பற்ற வேண்டும்.

சில நாள் அவகாசம்

இப்போது அந்த ஆபத்தான கட்டத்துக்கு வருவோம். தண்ணீரில் மிதந்துவந்த ஒரு வெண்கண்டல் முளை, அமாவாசை ஓதத்தில் கரையின் மேட்டில் ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஏற்றத்தில் தண்ணீர் அதே உயரத்துக்கு வந்தால் முளை மறுபடி மிதந்துவிடும். அட்டமி, நவமியை ஒட்டித் தண்ணீரின் ஏற்றம் தணிவது மீனவர் எல்லோரும் அறிந்தது. அந்த நாட்களில் மேட்டுப்பகுதி நனையாது. அதற்குள் முளை வேரைச் சேற்றில் இறக்கிவிட்டால் பிழைக்கும்.

இதை அளந்து பார்த்தவர்கள் ஆய்வாளர் தோர்ஸ்டன் பால்க்கேயும் அவருடைய குழுவினரும். வெண்கண்டலின் நெருங்கிய உறவான ஓர் இனத்தின் முளைகளைச் செயற்கை நீரோட்டத் தொட்டியில் வைத்துச் சோதித்து, 2011இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மூன்று படிகளைக் காட்டியது. முதலில், தண்ணீரே வராத சில நாட்கள் வேண்டும், முளை மிதந்துபோகாத அளவுக்கு வேர் பிடிக்க. அடுத்து, அலையும் நீரோட்டமும் பிடுங்க முடியாத அளவுக்கு வேர் நீள வேண்டும். மூன்றாவதாக, புயல் போன்ற நேரத்தில் மேல் சேறே அரித்துப்போகும்போதும் நிற்க, வேர் இன்னும் ஆழம் போயிருக்க வேண்டும். மூன்று படிகளும் அடுத்தடுத்துத் தடையின்றிக் கிடைப்பதை வேர்பிடி அவகாசம் எனலாம். அமைதியான ஓடைக்கரையில் இது ஆண்டுதோறும் கிடைக்கும். அலை மோதும் திறந்த கரையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்த்தாலே அதிகம்.

நாற்றங்கால் செய்யும் வேலையை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அளவு புரிந்துவிடும். முதல் இரண்டு படிகளை அது பையிலேயே முடித்துத் தருகிறது. வேர்க்கட்டோடு நடப்படும் நாற்றுக்குத் தண்ணீரில் மிதந்துபோகும் பயமில்லை. மூன்றாவது படி கரையின் கையில்தான் இருக்கிறது.

ஒரு வெண்கண்டல் காயின் பயணம்

மரத்தடியில் புதிதாக விழுந்ததையோ, கிளையை ஆட்டினால் உதிர்வதையோ பொறுக்குவார்கள். பறித்தால் முற்றாதது கலந்துவிடும். காய் சற்றே தட்டையாக, சாம்பல் பூத்த பச்சையில், பெரிய பாதாம்பருப்பு அளவில் இருக்கும். துளை விழுந்தவற்றையும் மென்மையாக அமுங்குபவற்றையும் கழித்துவிட்டு, மற்றவற்றை ஓடைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் தோல் வெடித்து நழுவும். உள்ளே மடித்துவைத்த இரண்டு தடித்த பச்சை விதையிலைகள் இருக்கும், அவற்றுக்கிடையே ஒரு குட்டை வேர்முனை. அந்த முனையைச் சுற்றிலும் மெல்லிய ரோமங்கள் வளைந்து நிற்கும். சேற்றில் பற்றிக்கொள்ள இயற்கை கொடுத்த கொக்கிகள் அவை. காயைக் கையில் எடுக்கும் யாரும் எந்தப் பக்கம் கீழே போக வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரு சாண் உயரப் பையில் ஓடைக்கரைச் சேற்றை நிரப்புகிறார்கள். களி அதிகமானால் மணல் சேர்ப்பார்கள். பக்கத்திலும் அடியிலும் துளை அவசியம், தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வெண்கண்டலின் புகழ்பெற்ற மூச்சு வேர்கள் இந்த வயதில் கிடையா. தண்டிலும் இலையிலும் உள்ள நுண்துளைகளே காற்றுக்கு வழி. வேர்முனை கீழாக, காயின் மூன்றிலொரு பங்கு புதையும்படி மெல்ல அழுத்தினால் போதும். ஆழமாகப் புதைத்தால் விதையிலைகள் அழுகும். ஓரிரு வாரத்தில் அவை விரிந்து, நடுவிலிருந்து தளிர் எழும்பும்.

பாத்தியை எங்கே போடுவது என்பதில்தான் திறமை தெரியும். ஓதம் வந்து பைகளின் அடியை நனைத்துவிட்டு வடிந்துபோகும் உயரம் பார்த்து இடம் பிடிப்பார்கள். ஓதமே தண்ணீர் பாய்ச்சிவிடும். மிகத் தாழ்ந்தால் நாற்று மூழ்கும், தண்டில் கொட்டலசு ஒட்டி அடைத்துக்கொள்ளும். மிக மேட்டில் போட்டால் குடம் தூக்க வேண்டும், வெயிலில் பைச் சேற்றின் உப்பும் ஏறும். நண்டுகளுக்கு முளை என்றால் விருந்து. அடியில் வலை விரித்தோ பாத்தியை உயர்த்தியோ தடுக்கிறார்கள். இதே நண்டுகள் காட்டுச் சேற்றில் வளைதோண்டிக் காற்றும் நீரும் உள்ளே போக வழிசெய்பவை என்பதால், அவற்றைக் கொல்லும் யோசனை முட்டாள்தனமானது.

நான்கைந்து மாதத்தில் ஆறு இலையும் ஒரு அடி உயரமும் வந்துவிடும். கடைசி வாரங்களில் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நடப்போகும் இடத்தின் உப்பு எவ்வளவோ அதை நோக்கித் தண்ணீரையும் நகர்த்துவார்கள். நாற்றைக் கடினப்படுத்துதல் என்று இதைச் சொல்வார்கள். இங்கே நம் கரைக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பையில் இட்ட காய் தயாராகும்போது பங்குனி வெயில் தொடங்கிவிடும், சேற்றின் உப்பும் ஏறத் தொடங்கியிருக்கும். சற்று இளசாகவே தை, மாசியில் நட்டுவிடுவதா, அடுத்த மழைவரை பையிலேயே வைத்திருப்பதா? வைத்திருந்தால் வேர் பைக்குள் சுருண்டுகொள்ளும். மழைநீர் எட்டும் ஓடைக்கரைகளுக்கு முன்னதும், சேறு சீக்கிரம் உப்பேறும் மேட்டு நிலத்துக்குப் பின்னதும் பொருந்தும் என்பேன். எல்லா இடத்துக்கும் ஒரே தேதி குறிக்கும் திட்டம் எங்கோ ஓரிடத்தில் தவறாகத்தான் முடியும்.

செலவையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 10,000 நாற்று. ஒரு பைச் சேறு 2 கிலோ என்று வைத்தாலும் 20 டன் சேற்றை வெட்டி, பையில் அடைத்து, மறுபடி படகிலும் தலையிலும் சுமந்து சேற்றுக்கே கொண்டுபோக வேண்டும். நட்டபின் கிழித்தெடுத்த 10,000 பாலித்தீன் உறைகள் வேறு. சுரபுன்னையின் நீண்ட முளைக்காயைப் பையில்லாமல் நேரே சேற்றில் குத்திவிடலாம், அதன் நீளமே அதற்கு நங்கூரம். அப்படியிருக்க அதையும் பையில் வளர்ப்பதற்குத் தனியாகக் காரணம் வேண்டும். அலை அதிகமுள்ள கரை, காய் கிடைக்காத பருவத்தில் நட வேண்டிய நிலை போன்றவை அந்தக் காரணமாகலாம். வழக்கம் என்பது காரணமாகாது.

பள்ளத்தில் நட்டால்

பிச்சாவரத்தின் கதை இந்த இடத்தில்தான் பாடமாகிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுமையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே முளைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. மரநிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது, ஈரம் ஆவியானது, சேறு சுருங்கி அமிழ்ந்து தட்டுப்போல் பள்ளமாயிற்று. பள்ளத்துக்குள் ஓதநீர் வந்தது, வடிய வழியில்லாமல் நின்றது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் 10 செ.மீ. ஆழம் தேங்கி, வெயிலில் 5 செ.மீ. ஆனால் உப்பு 70 கிராம். இன்னும் பாதி வற்றினால் 140. நம் கரையில் ஓதத்தின் ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதிலும் அலையாத்திகள் வாழ்வது மேல்பாதியில் மட்டும். அவ்வளவு மெல்லிய அடுக்கில் சில விரற்கடை அமிழ்வதே ஒரு மரத்தின் எல்லைக்கு வெளியே போய்விடுவதாகும்.

அங்கே எவ்வளவு நல்ல நாற்றை நட்டிருந்தாலும் செத்திருக்கும். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து முதலில் எடுத்தது மண்வெட்டியை. இயற்கை ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் ஒரு தாய்வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து, தேங்காமல் வெளியேறியது, உப்பு இறங்கியது. அதன்பின் வாய்க்கால் சரிவுகளில் நட்டவை நின்றன. 1986க்கும் 2002க்கும் இடையில் பிச்சாவரத்தின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வாய்க்கால்கள் வண்டல் படிந்து தூர்ந்துபோகும், அவ்வப்போது தூர்வார வேண்டும். நடும் நாளில் எடுக்கும் படம் நாளிதழில் வருகிறது, தூர்வாரும் நாளில் எடுப்பது வருவதில்லை.

எதிர்மறைச் சான்றுக்குத் தூரம் போக வேண்டாம். 2004 சுனாமிக்குப்பின் இலங்கையில் பெருமளவில் அலையாத்தி நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, நட முயன்ற 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் காடாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேர்தான் என்றது. 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பொருந்தாத நிலமட்டமும் மண்ணும், நட்டபின் கவனிப்பின்மை, மேய்ச்சல் மாடுகள் ஆகியவை காரணங்களில் சில. பிலிப்பைன்சிலும் பல ஆண்டுப் பெருந்திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை, பிழைத்தது 10 முதல் 20 சதவீதம் என்று காட்டியது. அங்கே காரணம் இன்னும் வெளிப்படையானது. அலையாத்திக்கு ஏற்ற மேட்டுச் சேறெல்லாம் மீன் பண்ணைக் குளங்களாகத் தனியார் கையில் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத தாழ்ந்த கரையில் நட்டால் தகராறு வராது என்பதால் அங்கே நட்டார்கள். நாற்று செத்தது தாவரவியல் கோளாறால் என்று மட்டும் சொல்ல முடியுமா? நிலம் யாருடையது என்ற கேள்வியும் வேர்பிடி அவகாசத்தைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் நாற்றங்காலே வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்லக்கூடிய வலுவான தரப்பு ஒன்று உண்டு. அமெரிக்கச் சூழலியலாளர் ராபின் லூயிஸ், புளோரிடாவில் வெஸ்ட் லேக் என்னும் இடத்தில் சுமார் 500 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை மீட்டார். நிலமட்டத்தைச் சரிசெய்து, அடைபட்ட ஓத வழிகளைத் திறந்துவிட்டார். ஒரு நாற்றும் நடவில்லை. அருகிலிருந்த மரங்களின் முளைக்காய்கள் தண்ணீரோடு வந்து இடம்பிடித்தன. முளைக்காய் தானே வந்துசேரவில்லை என்று தெரிந்த பிறகே நடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த வரிசையில் கடைசிப் படி. வரிசையை நான் ஏற்கிறேன். இயற்கையாக வரும் நாற்று தனக்கு ஏற்ற உயரத்தில்தான் நிற்கும், மனிதனைப்போல் வரைபடம் பார்த்து நடாது.

ஆனால் லூயிஸின் வாதம் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. தாய்மரங்கள் தண்ணீர் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும், அவை பல இனங்களாகவும் இருக்க வேண்டும். இறால் பண்ணை கைவிடப்பட்டுப் பக்கத்தில் ஒரு மரமும் மிஞ்சாத முகத்துவாரத்தில், வழியைத் திறந்தால் தண்ணீர் வரும், முளைக்காய் வராது. முத்துப்பேட்டையில் பெரும்பான்மை வெண்கண்டல். அங்கே தானே வருவதும் பெரும்பாலும் வெண்கண்டலாகவே இருக்கும். சுரபுன்னையும் மற்றச் சிறுபான்மை இனங்களும் வேண்டுமென்றால் ஒருவர் வேறிடத்துக் காயைக் கொண்டுவந்து வளர்த்தாக வேண்டும். ஆடு, மாடு மேயும் கரையிலும், குழந்தை நாற்றை நடுவதைவிட அடி உயர நாற்றை வேலிக்குள் நடுவது பாதுகாப்பு. இந்த மாதிரி இடங்களில் நாற்றங்காலுக்குச் செய்யும் செலவு வீணல்ல. இன்னொரு வாதமும் அடிக்கடி வருகிறது: நாற்றங்கால் மீனவப் பெண்களுக்குக் கூலி தருகிறது, மரம் பிழைக்காவிட்டாலும் அது லாபம்தானே என்று. கூலி தேவைதான். வாய்க்கால் வெட்டவும், தூர்வாரவும், வேலி காக்கவும், பட்ட இடத்தில் மறுநடவு செய்யவும் அதே கைகளுக்குக் கூலி கொடுக்கலாம். கரைக்குப் பயன்படும் வேலை அங்கே அதிகம்.

ஆகவே, திட்டம் போடுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை லட்சம் நாற்று என்பதல்ல. ஓதம் இந்த இடத்தில் எத்தனை நாள் வருகிறது, வந்தது வடிகிறதா, கோடையில் சேற்றின் உப்பு எவ்வளவு, பக்கத்தில் என்ன இனம் தானாக முளைத்திருக்கிறது, நிலம் யாருடையது? இவற்றுக்கு விடை தெரிந்தபின் எத்தனை பை வேண்டும் என்பது சின்னக் கணக்கு. பல நேரங்களில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரும்.

நாற்றங்காலால் ஆகாத ஒன்றைப் பிச்சாவரத்திலேயே காணலாம். அங்கே இரண்டு சுரபுன்னை இனங்கள் இயற்கையாகக் கலந்து பிறந்த கலப்பினம் ஒன்று நிற்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் 1990களில் அதை விவரித்து, ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார். பெரும்பாலான கலப்பினங்களைப்போல் இதுவும் பூத்துக் குலுங்கும், முளைக்காய் தருவது அபூர்வம். பையில் இட்டு ஆயிரக்கணக்கில் பெருக்கக் காயே கிடைக்காத மரம் இது. அதன் பெற்றோர் இரண்டும் ஒரே ஓடைக்கரையில் நின்று, ஒரே பருவத்தில் பூத்துக்கொண்டிருந்தால் இன்னொரு கலப்பு மரம் பிறக்க வழியுண்டு.